அதிகாரம் யார் கையில்?

1981 மார்ச் 30, பிற்பகல் 2.27. வாஷிங்டன் ஹில்டன் ஹோட்டலின் பக்கவாசலில் இரண்டு நொடிக்குள் ஆறு குண்டுகள் சீறின. பாதுகாப்பு அதிகாரி ஜெர்ரி பார், அதிபர் ரீகனைக் காருக்குள் தள்ளி அவர்மேல் விழுந்தார். ரீகனுக்குக் குண்டு பாய்ந்தது யாருக்கும் தெரியவில்லை. கார் வெள்ளை மாளிகையை நோக்கி விரைந்தது. ரீகன் வாயில் நுரைத்த ரத்தத்தைக் கண்டதும் மருத்துவமனைக்குத் திருப்பச் சொன்னார் பார். ரீகன் பிழைத்தது அந்த முடிவால்தான்.

அதே மதியம் வெள்ளை மாளிகையின் நிலத்தடி அறையில் கூடிய அமைச்சர்களிடம் இந்தத் தெளிவு இல்லை. அங்கே நடந்த பேச்சைப் பாதுகாப்பு ஆலோசகர் ரிச்சர்ட் ஆலன் டேப்ரெக்கார்டரில் பதிந்து வைத்ததால் இன்று நாம் கேட்க முடிகிறது. குண்டுவீச்சு விமானப் படையின் ஆயத்த நிலையை உயர்த்தியது சரியா, எவ்வளவு உயர்த்தினார்கள் என்று பாதுகாப்பு அமைச்சர் வைன்பெர்கரும் வெளியுறவு அமைச்சர் ஹேகும் மோதிக்கொண்டார்கள். சோவியத் நீர்மூழ்கிக் கப்பல்கள் வழக்கத்தைவிடக் கரைக்கு நெருக்கமாக இருந்த நேரம் அது!

மேலே, ஆட்சியை நடத்துவது யார் என்ற நிருபர்களின் கேள்விக்குத் துணைச் செய்தித் தொடர்பாளர் ஸ்பீக்ஸ் திணறினார். தொலைக்காட்சியில் அதைக் கண்ட ஹேக் படியேறி ஓடினார். மூச்சிரைக்க, துணை அதிபர் வரும்வரை இங்கே கட்டுப்பாடு தன்னிடம் என்றார். அதிபர், துணை அதிபர், அடுத்து வெளியுறவு அமைச்சர் என்றும் வரிசை சொன்னார். 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி இடையில் மக்களவைச் சபாநாயகரும் செனட்டின் தற்காலிகத் தலைவரும் இருக்கிறார்கள். அந்தப் பிழை ஹேகின் பெயரோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

அதைவிடப் பெரிய விஷயம் கீழே நடந்தது. அதிபர் செயலிழந்தால் துணை அதிபரிடம் பொறுப்பை ஒப்படைக்க அமெரிக்க அரசியல் சட்டத்தின் 25ஆவது திருத்தம் வழிசெய்கிறது. அதற்கான தாள்களைச் சட்ட ஆலோசகர் ஃபீல்டிங் தயாராக வைத்திருந்தார். உதவியாளர் டார்மன் அவற்றை வாங்கித் தன் அலுவலகப் பெட்டகத்தில் பூட்டினார். ரீகன் மயக்க மருந்தில் கிடந்தார். துணை அதிபர் புஷ் டெக்சாஸிலிருந்து பறந்துகொண்டிருந்தார். அமைச்சரவை முடிவெடுக்க வேண்டியதை ஓர் உதவியாளர் தீர்மானித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

மாலை ஆறரைக்கு புஷ் தரையிறங்கினார். ஹெலிகாப்டரில் நேரே வெள்ளை மாளிகைப் புல்வெளிக்கு வரச் சொன்னபோது மறுத்தார். அங்கே இறங்குபவர் அதிபர் மட்டுமே என்றார். தன் இல்லத்தருகே இறங்கிக் காரில் வந்தார். மறுநாள் காலை, மருத்துவமனைப் படுக்கையிலேயே பால் விலை தொடர்பான மசோதா ஒன்றில் ரீகன் கையெழுத்திட்டார்.