தங்கம் தியேட்டர், மதுரை

தங்கம் தியேட்டர், மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் 1952 முதல் 1990-கள் வரை இயங்கிய திரையரங்கம். இருக்கைகள் 2,563. ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று ஊரே பெருமை பேசியது.

அந்த வீதிக்கே ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது உருவான வீதி இது. வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரைத் தாங்கியது. ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் நடக்கிற தூரம். வெளியூர்க்காரர்கள் படம் பார்த்துவிட்டு ராத்திரியே ஊர் திரும்பலாம்.

மதுரைக்குச் சினிமாக் கொட்டகை புதிதல்ல. 1937-இல் வெளியான ‘சிந்தாமணி’ படத்தின் லாபத்தில் அதே பெயரில் ஒரு தியேட்டரே எழுந்த ஊர் இது. தங்கம் முந்தைய கொட்டகைகளையெல்லாம் அளவில் விஞ்சியது. மனையே சுமார் 52,000 சதுர அடி. 1952 அக்டோபர் 17, தீபாவளியன்று ‘பராசக்தி’யுடன் திறந்தது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில், மு. கருணாநிதியின் வசனத்தில், சிவாஜி கணேசன் அறிமுகமான படம். வசனத்தைக் கேட்கவே கூட்டம் கூடிய படம் அது. இவ்வளவு பெரிய கூடத்தில் கடைசி வரிசைக்காரருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்க வேண்டும், முன்வரிசைத் தலைகள் மறைக்காமல் திரை தெரிய வேண்டும். பெரிய அரங்கைக் கட்டுவோருக்கு முகப்பு அலங்காரத்தைவிடக் கடினமான வேலை இதுதான்.

அளவே பிறகு சுமையானது. நாளுக்கு மூன்று காட்சி நிறைந்தால் 7,689 பேர். 1951-இல் மதுரையின் மக்கள்தொகை சுமார் 3.6 லட்சம். அந்தக் கணக்கில் ஊர் முழுக்க ஒருமுறை பார்த்து முடிக்க ஏழு வாரம் போதும். சிறிய அரங்கில் நூறு நாள் ஓடுகிற படம் இங்கே அதற்குள்ளேயே கூட்டத்தைத் தீர்த்துவிடும். 1980-களில் தொலைக்காட்சியும் வீடியோ கேசட்டும் வீட்டுக்குள் வந்தபின் அரை அரங்கை நிரப்பவே ஆயிரத்துக்கு மேல் ஆள் வேண்டியிருந்தது. உலகெங்கும் பல பெரிய அரங்குகளுக்கு இதே கதிதான்: இதைவிட இரு மடங்குக்கு மேல் பெரிய நியூயார்க் ராக்சி (1927), 1960-இலேயே இடிக்கப்பட்டது.

தங்கமும் இடிக்கப்பட்டது, அந்த மனையில் இன்று பெரிய ஜவுளிக்கடை நிற்கிறது. எல்லா அரங்குக்கும் இந்த முடிவு நேரவில்லை. சென்னை அண்ணா சாலையில் 1913-இல் எழுந்த எலெக்ட்ரிக் தியேட்டர் இரண்டே ஆண்டில் மூடியது. ஆனாலும் அஞ்சல் துறை வாங்கிக்கொண்டதால் அந்தக் கட்டடம் பிழைத்தது, தபால்தலைப் பிரிவும் அதில் இயங்கிவந்தது. நாற்பதாண்டுக் காலம் மதுரையைக் கூட்டிவைத்த தங்கத்துக்கு அப்படியோர் ஆதரவு வாய்க்கவில்லை.