ஒரே சாலை, எத்தனை வரி?

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் ஒரு பேருந்து ஏறினால், சொத்து வரியின் வரலாறு முழுவதும் ஜன்னலுக்கு வெளியே ஓடும். வேளச்சேரி பழைய சென்னை மாநகராட்சிப் பகுதி. பள்ளிக்கரணை 2011இல் சென்னையோடு இணைந்தது. செம்பாக்கம், 2021இல் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்து உருவான தாம்பரம் மாநகராட்சியில் இருக்கிறது.

2022 ஏப்ரலில் அரசு வரியை உயர்த்தியபோது, 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு வேளச்சேரியில் 50 சதவீதம் ஏறியது. பள்ளிக்கரணையிலும் செம்பாக்கத்திலும் 25 சதவீதம். இடையில் இருந்த மேடவாக்கம் அப்போது கிராம ஊராட்சி. அங்கே 1994 ஊராட்சிகள் சட்டப்படி வீட்டு வரி. எல்லைக்கோடு மாறினால் வரியும் மாறுகிறது.

ஆனால் தோழர்களே, நம் மக்களுக்கு இதைவிடப் பழைய கேள்வி ஒன்று உண்டு: வரிப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது?

தாம்பரம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். சேரி மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் வெளியேற்றலாம் என்பதை அம்மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்தே 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அடுத்த அநீதி வாக்குரிமையில். 1919, 1935 சட்டங்களின் கீழ் வாக்கு பெரும்பாலும் சொத்தையும் வரியையும் சார்ந்திருந்தது. மனை இல்லாதவருக்கு வரி இல்லை; வரி இல்லாதவருக்கு வாக்கும் இல்லை. 1928இல் சைமன் குழுவின் முன் அண்ணல் அம்பேத்கர் வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை கேட்டது இந்தச் சங்கிலியை அறுக்கத்தான். அரசியல் சட்டம் அதை அறுத்தது.

2022இல் தாம்பரத்தின் முதல் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது, வசந்தகுமாரி மேயரானார். நாற்காலி கிடைத்தது. புறம்போக்கில் வாழும் குடும்பத்துக்குப் பட்டா கிடைத்ததா? வரி ரசீது பட்டா ஆகாது என்பதை மறந்துவிடக் கூடாது.

வரி குறைவு என்று மட்டும் நாம் மகிழ முடியாது. வரி குறைந்த உள்ளாட்சியில் சாக்கடையும் தெருவிளக்கும் கடைசியாக வருவது நம் தெருவுக்குத்தான். எனவே கிராம சபையிலும் வார்டு கூட்டத்திலும் மூன்று கேள்விகளைக் கேட்போம்: சிறிய வீட்டுக்குக் குறைந்த வரி தொடருமா? வசூலான பணம் எந்தத் தெருவுக்குப் போனது? நம் தெருவில் எத்தனை வீடுகளுக்குப் பட்டா இருக்கிறது?