ஏபி லிட்: நாவல் படிக்காமல் விட்டால் எங்கே இடிக்கும்?

அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிக்கும் சொந்தக்காரப் பிள்ளைகள் 'ஏபி லிட்' என்று புலம்புவதைக் கேட்டிருப்பீங்க. காலேஜ் போர்டு நடத்தும் ஆங்கில இலக்கியப் பாடம் அது. மே மாதம் 3 மணி நேரத் தேர்வு. முதல் ஒரு மணி நேரம் 55 கொள்குறி வினாக்கள், 45 சதவீதம். மீதி 55 சதவீதம் 3 கட்டுரைகளுக்கு.

சிக்கலே மூணாவது கட்டுரைதான். முதல் இரண்டுக்கும் கவிதை, உரைநடைப் பகுதி தேர்விலேயே வந்துவிடும். இதற்குக் கேள்வி மட்டும்தான். நாவலையோ நாடகத்தையோ மாணவரே தேர்வு செய்து, புத்தகம் பார்க்காமல் எழுதணும். செப்டம்பரில் படித்த 'ஹாம்லெட்' மே வரை நினைவில் நிற்கணும். கட்டுரைக்கு 6 மதிப்பெண். அதில் 4, சான்றுக்கும் விளக்கத்துக்கும். இணையத்தில் கிடைக்கும் கதைச்சுருக்கத்தை ஒப்பித்தால் தேறாது.

புத்தகம் முடிந்த அன்றே பாத்திரங்கள், திருப்பங்கள், நாலைந்து காட்சிகளை ஒரு பக்கத்தில் குறித்து வைப்பது நல்லது. ஏற்கெனவே பாக்கி குவிந்துவிட்டதா? எல்லாவற்றையும் துரத்த வேண்டாம். முதலில் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, இரண்டு மூன்று புத்தகங்களை மட்டும் முழுசாகப் படிக்கலாம்.

மதிப்பீடு 1 முதல் 5 வரை. பல கல்லூரிகள் 3 எடுத்தாலே கிரெடிட் தருகின்றன. சில 4 அல்லது 5 கேட்கின்றன.