டொனிகல் கேலிக் கால்பந்து அணி: 2012 சீசன்

அயர்லாந்தின் வடமேற்குக் கோடியில் இருக்கும் டொனிகல் கவுன்டியின் கேலிக் கால்பந்து அணி, 2012-இல் அல்ஸ்டர் மாகாணப் பட்டத்தையும் அனைத்து அயர்லாந்து சாம்பியன்ஷிப்பையும் வென்றது. செப்டம்பர் 23 அன்று டப்ளின் குரோக் பார்க்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் மேயோ அணியை 2–11 என்ற கணக்கில் தோற்கடித்தது. மேயோ எடுத்தது 0–13. ஜிம் மெக்கின்னஸ் பயிற்சியாளர். மைக்கேல் மர்ஃபி அணித்தலைவர். டொனிகலின் வரலாற்றில் இது இரண்டாவது தேசியப் பட்டம். முதல் பட்டம் 1992-இல் கிடைத்திருந்தது. சாம்பியன்ஷிப்பில் ஆடிய 7 ஆட்டங்களிலும் வென்று, தோல்வியே காணாமல் கோப்பையைத் தூக்கிய சீசன் இது.

விளையாட்டும் அதன் கணக்கும்

கேலிக் கால்பந்தில் ஓர் அணிக்கு 15 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், முஷ்டியாலோ உள்ளங்கையாலோ தட்டிச் சகவீரருக்கு அனுப்பலாம். கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் ஓடக் கூடாது. தரையில் தட்டியோ, பாதத்தில் இட்டு மீண்டும் கைக்கு எடுத்தோதான் தொடர வேண்டும். கோல் கம்பங்களின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளிகள். சட்டத்துக்கு மேலே இரு கம்பங்களுக்கு இடையே போனால், 2012-இன் விதிப்படி, 1 புள்ளி. கோல்களையும் புள்ளிகளையும் தனித்தனியே எழுதுவது வழக்கம். எனவே 2–11 என்பது இரண்டு கோல், பதினொரு புள்ளி; மொத்தம் 17. கவுன்டி அணிகள் ஆடும் சாம்பியன்ஷிப் ஆட்டம் 70 நிமிடம்.

ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை. 1884-இல் தொடங்கப்பட்ட கேலிக் தடகளச் சங்கம் இந்த விளையாட்டை இன்றுவரை தொழில்முறை சாராததாகவே வைத்திருக்கிறது. வீரர்களை விலைக்கு வாங்கும் பழக்கமும் கிடையாது. ஒருவர் தம் ஊர் மன்றத்துக்கு ஆடுவார். திறமை இருந்தால் அந்த ஊர் சேர்ந்த கவுன்டிக்கு ஆடுவார். டொனிகல் அணியின் சீசனை டொனிகல் மக்கள் தங்கள் வீட்டு விஷயமாகவே பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

பின்னணி

டொனிகல் அயர்லாந்துக் குடியரசைச் சேர்ந்தது. ஆனால் குடியரசின் பிற பகுதிகளோடு அதற்குள்ள நில எல்லை லீட்ரிம் கவுன்டியை ஒட்டிய சிறு துண்டு மட்டுமே. மற்ற எல்லையெல்லாம் வட அயர்லாந்தோடு. ரயில் பாதையும் இல்லை. டப்ளினில் படிக்கிறவர்களும் வேலை பார்க்கிறவர்களும் பயிற்சிக்காகப் பல மணி நேரம் காரில் வந்து திரும்ப வேண்டும். 1992 வெற்றிக்குப் பிந்தைய பதினெட்டு ஆண்டுகளில் அணியில் நல்ல வீரர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கட்டுப்பாடு இல்லை என்ற பெயர்தான் நிலைத்திருந்தது. 2010 கோடையில் அர்மாவிடம் கிராஸ்மக்லென் ஊரில் பெரிய வித்தியாசத்தில் தோற்று வெளியேறியபோது அந்தப் பெயர் உறுதிப்பட்டது.

அதன் பிறகுதான் மெக்கின்னஸ் பொறுப்புக்கு வந்தார். கிளென்டீஸ் ஊர்க்காரர், 1992 அணியின் குழுவில் இளம் வீரராக இருந்தவர், விளையாட்டு உளவியல் படித்தவர். 2010-இல் 21 வயதுக்குட்பட்டோர் அணியைத் தேசிய இறுதி ஆட்டம் வரை கொண்டுபோயிருந்தார். அந்த இளைஞர் அணியின் தலைவரான மைக்கேல் மர்ஃபியையே பெரியவர்கள் அணிக்கும் தலைவராக்கினார். அப்போது மர்ஃபிக்கு 21 வயது.

2011-இல் டொனிகல் தேசிய லீக்கின் இரண்டாம் பிரிவையும் அல்ஸ்டர் பட்டத்தையும் வென்றது. ஆனால் அந்த ஆண்டைப் பற்றி ஊர் பேசியது ஆகஸ்ட் மாத அரையிறுதியை மட்டுமே. டப்ளினுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் டொனிகல் ஏறக்குறைய மொத்த அணியையும் தற்காப்பில் நிறுத்தியது. 0–8, 0–6 என்று முடிந்தது, வென்றது டப்ளின். 70 நிமிடத்தில் இரு அணிகளும் சேர்ந்து 14 புள்ளிகள். பார்த்தவர்கள் கொதித்தார்கள், தொலைக்காட்சி விமர்சகர்கள் விளையாட்டையே கொன்றுவிட்டதாகப் பேசினார்கள். 2012 சீசனைப் புரிந்துகொள்ள அந்த ஒரு மாலையை மறக்கக் கூடாது. மெக்கின்னஸ் தற்காப்பைக் கைவிடவில்லை. தற்காப்பில் கிடைத்த பந்தை எதிரணிக் கோல் வரை எத்தனை வேகமாகக் கொண்டுபோவது என்பதை அந்தக் குளிர்காலம் முழுவதும் சொல்லிக்கொடுத்தார்.

அதே குளிர்காலத்தில் ஓர் இழப்பும் நேர்ந்தது. கெவின் கேசிடி 2011-இன் சிறந்த தற்காப்பாளர்களில் ஒருவர். கில்டேருக்கு எதிரான காலிறுதியில், கூடுதல் நேரத்தில் வெற்றிப் புள்ளியை அடித்தவரும் அவரே. ஒரு நூலாசிரியரிடம் அணியின் உள்விவகாரங்களைப் பேசினார் என்பதற்காக மெக்கின்னஸ் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். கண்டிப்பு என்று சிலரும் கொடுமை என்று சிலரும் சொன்னார்கள். எப்படியிருந்தாலும், வாழ்நாள் முழுதும் டொனிகலுக்காக உழைத்த ஒருவர் அடுத்த செப்டம்பரில் களத்துக்கு வெளியே இருந்தது இந்த சீசனின் ஆறாத வடு.

லீக்

வசந்த காலத்து தேசிய லீக்கில் டொனிகல் முதல் பிரிவுக்குத் திரும்பியிருந்தது. ஆட்டங்கள் ஏற்ற இறக்கமாக இருந்தன. அரையிறுதிக்குத் தகுதி பெறவில்லை, தரமிறக்கப்படவும் இல்லை. லீக்கைப் பார்த்து டொனிகலுக்குப் பட்டம் வரும் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

அல்ஸ்டர் சாம்பியன்ஷிப்

அல்ஸ்டரில் ஒன்பது கவுன்டிகள். நாக்-அவுட் முறையில் எண்ணிக்கை சரிவர வேண்டுமானால் இரு அணிகள் மட்டும் ஒரு முன்சுற்று ஆட்டம் கூடுதலாக ஆட வேண்டும். 2011-ஐப் போலவே 2012-இலும் அந்தச் சீட்டு டொனிகலுக்கு விழுந்தது. மே 20 அன்று கேவன் மண்ணில் கேவனை 1–16, 1–10 என்று வென்றார்கள். ஜூன் 16 அன்று சொந்த ஊர் பாலிபோஃபேயில் டெரி அணியை 2–13, 0–9 என்று நொறுக்கினார்கள்.

குளோனிஸ் நகரில் ஜூன் 30 அன்று நடந்த டைரோனுடனான அரையிறுதிதான் உண்மையான சோதனை. முந்தைய பத்தாண்டில் மூன்று தேசியப் பட்டம் வென்ற அணி டைரோன். கடைசி நிமிடங்களில் டொனிகல் 0–12, டைரோன் 0–10. ஒரு கோல் விழுந்தால் டைரோன் முன்னால் போய்விடும். டைரோனின் மார்ட்டின் பென்ரோஸ் கோலுக்கு நேர் எதிரே பந்தைப் பெற்றுத் தாழ்வாக அடித்தார். கோல் காப்பாளர் பால் டர்கன் உடல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட நிலையிலும் காலை நீட்டினார். பந்து அந்தக் காலில் பட்டு விலகியது. இந்த சீசனின் மிக முக்கியமான தருணம் எது என்று கேட்டால், இறுதி ஆட்டத்தின் கோல்களை விட்டுவிட்டு டர்கனின் அந்தக் காலைச் சொல்வதே நியாயம். அது நீளாமல் போயிருந்தால் டொனிகல் தோற்றவர்களுக்கான தகுதிச் சுற்றுக்குத் தள்ளப்பட்டிருக்கும்.

ஜூலை 22 அன்று இறுதியில் டௌன் அணி எதிர் நின்றது. முடிவு 2–18, 0–13. லியோ மெக்லூன், ஃபிராங்க் மெக்லின் ஆகியோர் கோல் அடித்தார்கள். மெக்லின் தற்காப்பு வீரர் என்பதைக் கவனிக்க வேண்டும். பின்வரிசையிலிருந்து ஓடிவந்தவர் கோல் போடுகிறார் என்றால் அந்த அணியைத் தற்காப்பு அணி என்று மட்டும் எப்படி அழைப்பது? டொனிகல் அல்ஸ்டர் பட்டத்தை அடுத்தடுத்த ஆண்டுகளில் வென்றது அதுவே முதல் முறை.

குரோக் பார்க்கில்

காலிறுதியில், ஆகஸ்ட் 5 அன்று, கெர்ரி வந்தது. அயர்லாந்தில் யாரையும்விட அதிகப் பட்டம் வென்ற கவுன்டி அது. அதுவரை இரு அணிகளும் சாம்பியன்ஷிப்பில் சந்தித்ததே இல்லை. கோலம் மெக்ஃபாடன் தூரத்திலிருந்து உயரமாக அனுப்பிய பந்து யாரும் தொடாமல் வலைக்குள் இறங்கியது. கெர்ரி விரட்டி வந்தும் எட்ட முடியவில்லை, 1–12, 1–10.

ஆகஸ்ட் 26 அரையிறுதியில் கார்க். 2010-இன் தேசியச் சாம்பியன். 2012 உட்படத் தொடர்ந்து மூன்று ஆண்டு லீக்கின் முதல் பிரிவை வென்றிருந்தது. உயரமும் பலமும் வாய்ந்த அந்த அணியே பட்டம் வெல்லும் என்று பெரும்பாலோர் கணித்தார்கள். டொனிகல் 0–16 அடித்தது. கார்க்கின் ஒரே கோல் ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு கடைசியில் வந்தது, 1–11. முந்தைய ஆண்டு இதே மைதானத்தில் அரையிறுதி முழுவதும் 6 புள்ளிகள் எடுத்த அணி இப்போது கோல் இல்லாமலே 16 எடுத்தது. அன்று மாலைதான் வசைபாடியவர்களும் டொனிகலின் ஆட்டத்தை மெச்சத் தொடங்கினார்கள்.

இறுதி ஆட்டம்

மேயோ 1951-க்குப் பிறகு பட்டம் வென்றதில்லை. அரையிறுதியில் நடப்புச் சாம்பியன் டப்ளினை வீழ்த்தி வந்திருந்தது. அரங்கில் 82,000-க்கும் அதிகமானோர்.

மர்ஃபி அந்தக் கோடை முழுவதும் நடுக்களத்துக்கு இறங்கி உழைத்தவர். இறுதி ஆட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் எதிரணிக் கோலின் வாசலிலேயே நின்றார். மூன்றாவது நிமிடம். கார்ல் லேசி உயரமாக ஒரு பந்தைத் தூக்கிவிட்டார். மர்ஃபி, தம்மைத் தடுக்க நின்ற மேயோ வீரர் கெவின் கீனுக்கு மேலே எழும்பிப் பிடித்தார், இறங்கிய வேகத்திலேயே திரும்பினார், உதைத்தார். பந்து வலையின் மேற்பகுதியில் பாய்ந்தது. பதினொராவது நிமிடத்தில் பேடி மெக்பிரியர்டி புள்ளிக்கு அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது. அதைப் பிடிக்க முயன்ற கீனின் கையிலிருந்து நழுவ, அருகில் நின்ற மெக்ஃபாடன் எடுத்து வலைக்குள் தள்ளினார். அப்போது டொனிகல் 2–1. மேயோ இன்னும் கணக்கையே தொடங்கவில்லை.

மேயோ மனம் தளரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இடைவேளையில் கணக்கு 2–4, 0–7. மூன்றே புள்ளி வித்தியாசம். முதல் கால் மணி நேரத்தைக் கழித்துவிட்டால் மேயோ சற்றே மேலாக ஆடிய அணி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கோல் கணக்கில் விழுந்த அந்த ஆறு புள்ளிகளை மீட்க முடியவில்லை. இரண்டாம் பாதியில் மேயோ நெருங்கிய போதெல்லாம் டொனிகல் ஒரு புள்ளியை எடுத்து விலகியது. மர்ஃபியும் மெக்ஃபாடனும் ஆளுக்கு 1–4 அடித்திருந்தார்கள். அணியின் பதினேழில் பதினான்கு இவர்கள் இருவருடையவை. 1928 முதல் வழங்கப்பட்டுவரும் சாம் மக்வயர் கோப்பையை 23 வயது மர்ஃபி பெற்றுக்கொண்டார்.

ஆட்டமுறை

பந்து எதிரணியிடம் போனதும் முன்வரிசை வீரர்கள் உட்பட ஏறக்குறைய எல்லோரும் தங்கள் கோல் பக்கம் இறங்குவார்கள். மெக்ஃபாடன் ஒருவர் மட்டும் முன்னே நிற்பது வழக்கம். முன்வரிசை எண் கொண்ட சட்டை அணிந்த மார்க் மெக்ஹியூ, தற்காப்பு வரிசைக்குப் பின்னால் விழும் பந்துகளைப் பொறுக்கும் ஸ்வீப்பராக ஆடினார். இவர் 1992 அணியின் நட்சத்திரம் மார்ட்டின் மெக்ஹியூவின் மகன். எதிரணி வீரர் பந்தோடு உள்ளே நுழைந்தால் இரண்டு மூன்று பேர் சூழ்ந்து, தவறு செய்யாமல் அவரை நிறுத்துவார்கள். எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்த நொடியில் லேசி, மெக்லின், ஆன்டனி தாம்ப்சன் போன்ற பின்வரிசையினர் கூட்டமாக முன்னால் ஓடுவார்கள். இதை 70 நிமிடமும் செய்ய அசாத்தியமான உடல் தகுதி வேண்டும். அந்தத் தகுதியே இந்த அணியின் உண்மையான ரகசியம்.

எண்களும் அதையே சொல்கின்றன. 7 ஆட்டங்களில் டொனிகல் எடுத்தது 8–98, அதாவது 122 புள்ளிகள். விட்டுக்கொடுத்தது 3–76, அதாவது 85. எந்த எதிரணியும் ஓர் ஆட்டத்தில் 14 புள்ளிகளைத் தாண்டவில்லை. விட்ட கோல்கள் மூன்று என்றால் போட்ட கோல்கள் எட்டு. தற்காப்பால் மட்டும் வென்ற அணி என்ற பேச்சு 2011-க்குப் பொருந்தும், 2012-க்குப் பொருந்தாது.

பின்விளைவுகள்

அந்த ஆண்டின் சிறந்த வீரர்களுக்கான ஆல் ஸ்டார் தேர்வில் 15 இடங்களில் 8 டொனிகலுக்குக் கிடைத்தன: டர்கன், நீல் மெக்கீ, மெக்லின், லேசி, நீல் கேலஹர், மார்க் மெக்ஹியூ, மர்ஃபி, மெக்ஃபாடன். ஆண்டின் சிறந்த வீரர் லேசி. மெக்கின்னஸைப் பாடும் ரெகே மெட்டுப் பாட்டு ஒன்று அந்தக் கோடையில் டொனிகலெங்கும் ஒலித்தது. லான்சரோட்டே தீவில் வாழ்ந்த டொனிகல் பாடகர் ஒருவர் எழுதியது அது. நவம்பரில் ஸ்காட்லாந்தின் செல்டிக் கால்பந்துக் கழகம் மெக்கின்னஸை ஆலோசகராக அமர்த்தியது.

அடுத்த ஆண்டே சரிவு வந்தது. 2013 காலிறுதியில் மேயோ 4–17, 1–10 என்று பழி தீர்த்தது. 2014-இல் டொனிகல் மீண்டும் எழுந்து டப்ளினை வீழ்த்தியது. இறுதியில் கெர்ரியிடம் தோற்றது. மெக்கின்னஸ் விலகினார். அவர் காட்டிய வழியைப் பின்பற்றியவர்களில் பெரும்பாலோர் அதன் தற்காப்புப் பாதியை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். கூட்டமாக இறங்கி நிற்பது எளிது. கூட்டமாக ஏறி ஓடுவது கடினம். அதனால் விளையாட்டு மந்தமானது என்ற குறை வளர்ந்துகொண்டே போய், 2025-இல் விதிகளே மாற்றப்பட்டன. ஒவ்வோர் அணியும் குறைந்தது 3 வீரர்களை எதிரணிப் பாதியிலேயே நிறுத்தியாக வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

2024-இல் மெக்கின்னஸ் டொனிகலுக்குத் திரும்பினார். புதிய விதிகளின் கீழ் 2025-இல் அணியை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே கெர்ரி 1–26, 0–19 என்று வென்றது. 2025 சீசன் முடிவில் டொனிகலின் தேசியப் பட்டங்கள் இரண்டு: 1992, 2012.