கல்லூரிச் செலவை ஒப்பிடுவது எப்படி? கொல்லிமலை சொல்லும் கணக்கு

பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "அந்தக் காலேஜில் ஃபீஸ் எவ்வளவு?" என்பதுதான். அது பாதிக் கேள்வி. ஃபீஸ் குறைந்த கல்லூரியில் செலவும் குறைவாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. இதைப் புரிந்துகொள்ள நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை நல்ல உதாரணம். அங்கே கட்டணம் ஒரு பொருட்டே அல்ல, மற்ற செலவுகள்தான் பிள்ளையின் படிப்பை முடிவு செய்கின்றன.

கொல்லிமலையில் பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மிளகும் காபியும் பலாவும் விளைகிற மலை. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருப்பதால் பள்ளிப் படிப்பை மலையிலேயே முடித்துவிடலாம். பட்டப்படிப்பு என்றால் சேந்தமங்கலம், ராசிபுரம், நாமக்கல் என்று கீழே இறங்க வேண்டும். செம்மேட்டிலிருந்து நாமக்கல் சுமார் 55 கி.மீ. காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஒரு பக்கத்துக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அரசு கலைக் கல்லூரியில் கல்விக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்றவை மட்டும்தான். இணையத்தில் விண்ணப்பிக்க 50 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வெறும் 2 ரூபாய் என்று இருந்து வருகிறது. அரசுப் பேருந்தில் இலவச பாஸும் உண்டு. காகிதத்தில் பார்த்தால் செலவே இல்லை. ஆனால் தினமும் நான்கு மணி நேரத்துக்கு மேல் மலைப்பாதையில் போய்வந்து யாரால் படிக்க முடியும்? ஆகவே கீழே தங்கத்தான் வேண்டும். செலவு தொடங்குவது அங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் நிலவரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய். அறை வாடகையும் சாப்பாடும் மாதம் 4,000 வீதம் பத்து மாதத்துக்கு 40,000. புத்தகம், ஊருக்குப் போய்வரும் செலவு 5,000. ஆண்டுக்கு 48,000, மூன்று ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். இதில் கட்டணம் என்று போவது 9,000 மட்டுமே.

அதே மாணவிக்கு அரசு விடுதியில் இடம் கிடைத்தால் அந்த 40,000 அப்படியே மறைந்துவிடும். ஆண்டுச் செலவு 8,000. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். மாணவர்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. ஆக, எந்தக் கல்லூரி என்பதைவிட விடுதியில் இடம் உண்டா என்பதுதான் பெரிய கேள்வி. பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத்துறை விடுதிகளில் நம் பிள்ளைகளும் சேரலாம், தங்குவதும் உணவும் இலவசம். 2025 முதல் அரசு நல விடுதிகள் சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படுகின்றன. வருமான வரம்பு உண்டு, இடங்களும் குறைவு. கல்லூரியில் சேர்ந்த வாரத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

நம் சமுதாயக் கல்லூரிகளுக்கு வருவோம். நாமக்கல் பகுதியினர் பலருக்கும் நினைவுக்கு வருவது 1951-இல் தொடங்கிய திருச்சி ஜமால் முகமது கல்லூரி. இங்கும், சென்னை புதுக்கல்லூரி போன்ற இடங்களிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே வளாகத்தில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். உதவி பெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் அந்தச் செலவு மாணவர் தலையில் விழும். எனவே கல்லூரியின் பெயரைச் சொல்லி ஃபீஸ் கேட்காமல், பாடத்தையும் பிரிவையும் சொல்லிக் கேளுங்கள். முதல் ஆண்டுத் தொகை மட்டும் போதாது, எல்லா ஆண்டுக்கும் எழுத்தில் வாங்குங்கள்.

பொறியியலில் கலந்தாய்வு இடத்துக்கும் நிர்வாக இடத்துக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத உள் ஒதுக்கீடும், முதல் பட்டதாரி சலுகையும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கைகொடுக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கலந்தாய்வு தொடங்கும் முன்பே யாரோ சொன்னார் என்று நிர்வாக இடத்துக்கு முன்பணம் கட்டும் வழக்கம் நம்மிடையே அதிகம். அவசரப்பட வேண்டாம்.

பணம் போதாதபோது வங்கிக் கல்விக் கடன் பேச்சு வரும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம், 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்தால், முதல் தவணை கட்டும் நாளில் வட்டி மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். வட்டி நமக்கு ஹராம் என்பதை அறிந்தவர்கள்கூட இந்தத் தொகையைக் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. கல்லூரியிடம் தவணை கேட்பது, ஜமாஅத் பைத்துல்மாலை அணுகுவது, தகுதியுள்ளவர்கள் ஜகாத் நிதி கோருவது இவற்றையெல்லாம் முதலில் செய்யுங்கள். கட்டணத்தின் கடைசி நாளுக்கு முந்தைய இரவு வந்து நின்றால் எந்த ஜமாஅத்தும் உதவ முடியாது.

இன்னொன்று, உதவித்தொகை வரும் காலம். கட்டணம் ஜூன், ஜூலையில் கட்ட வேண்டும். உதவித்தொகை பெரும்பாலும் மாதங்கள் கழித்தே கணக்கில் ஏறும். எனவே ஒப்பிடும்போது இரண்டு தொகைகளைத் தனித்தனியே எழுதுங்கள்: சேரும் நாளில் கையில் இருக்க வேண்டியது, படிப்பு முடியும்வரை மொத்தம் ஆவது.

வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று மூன்றையும் தேர்வு முடிந்த உடனே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். சான்றில் லெப்பை, ராவுத்தர், தக்கணி முஸ்லிம் என்று அரசுப் பட்டியலில் உள்ள பிரிவின் பெயர் இருக்க வேண்டும், வெறுமனே 'முஸ்லிம்' என்றிருந்தால் உள் ஒதுக்கீடு கிடைக்காது. கொல்லிமலைப் பிள்ளைகளுக்கோ பழங்குடியினர் சான்று தர வேண்டியவர் வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர். அதற்கு விசாரணையும் நாட்களும் அதிகம் என்பதால் அங்குள்ள ஆசிரியர்கள் பதினொன்றாம் வகுப்பிலேயே அந்த வேலையைத் தொடங்கச் சொல்வது நல்லது.