96 ஆடும் ஒரு உழக்கு நெய்யும்

போன வாரம் ஸ்ரீரங்கத்து வீட்டில் ஒரு சோதனை. ஒரு லிட்டர் பசும்பாலும் அரை லிட்டர் வெள்ளாட்டுப் பாலும் கலந்து காய்ச்சினேன். பொங்கி வந்ததும் இறக்கி எலுமிச்சம் சாறு விட, பால் உடைந்து தண்ணீர் தனியாகப் பிரிந்தது. துணியில் வடிகட்டித் தொங்கவிட்டேன். வெறும் ஆட்டுப்பாலில் கட்டி சரியாக நிற்காது, மிருதுவாக உதிரும். ஆல்ஃபா எஸ்1 கேசீன் என்ற புரதம் அதில் பொதுவாகக் குறைவு. பசும்பால் சேர்த்தால் பிடிமானம் வரும்.

அம்மா எட்டிப் பார்த்தார். "நல்ல பாலை வேணும்னே திரிய விடுவாங்களா? அதுவும் ஆட்டுப்பாலா, நம்ம அடுப்புலயா?"

இரண்டுமே சரித்திரக் கேள்விகள்தான்.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். இங்கிருந்து தஞ்சாவூர் ஒன்றரை மணி நேரம். பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் ஒரு கணக்கு சொல்கின்றன. ஒரு விளக்குக்கு தினம் ஒரு உழக்கு நெய், அதாவது கால் நாழி. அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. 2 ஆடு ஒரு பசுவுக்குச் சமம். வேறு கோயில்களில் இந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்றே பெயர்: செத்தாலும் கிழடானாலும் குட்டிகளால் எண்ணிக்கை குறையாமல் இடையர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆடு என்றால் செம்மறியா வெள்ளாடா என்று அந்தச் சொல் பிரிப்பதில்லை. எந்தப் பாலில் உருக்கிய நெய் என்றும் கணக்கு கேட்கவில்லை. உழக்கு நிறைந்தால் போதும்.

இதை அம்மாவிடம் சொன்னேன். "அது விளக்குக்கு. இது வயித்துக்கு" என்றார்.

சரி, முதல் கேள்வி. இவ்வளவு ஆடும் மாடும் இருந்த ஊரில் ஏன் பாலாடைக்கட்டி வரவில்லை? நம் வீடுகளில் பால் திரிந்தால் நஷ்டம். சர்க்கரை போட்டுத் திரட்டுப்பால் மாதிரி கிளறிச் சமாளிப்போம், அவ்வளவுதான். பாலைத் தயிராக்கி, மோராகக் கடைந்து, வெண்ணெயை நெய்யாக உருக்குவதே நம் வழி. ஐரோப்பாவில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைப்பொருளும், உப்பும், குளிர்ந்த நிலவறையும் சேர்ந்து பாலை மாதக்கணக்கில் காப்பாற்றின. அந்த நிலவறைக்குத் திருச்சியில் எங்கே போவது?

பதில் எனக்கு மறுநாளே கிடைத்தது. மேடையில் மறந்து வைத்த மிச்சக் கட்டி காலையில் புளித்து நாறியது. பக்கத்தில் இருந்த நெய் ஜாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.