மூளையின் அறைகளும் முன்னோரின் மருத்துவமும்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே!

மனித மூளைக்குள் ஒன்றோடொன்று இணைந்த நான்கு அறைகள் உள்ளன. வலமும் இடமும் இரண்டு, நடுவில் ஒன்று, பின்புறம் கீழே ஒன்று. இப்னு சீனா (ரஹ்) தமது 'அல்கானூன்' நூலில், முன்னறையில் கற்பனையும், நடுவறையில் சிந்தனையும், பின்னறையில் நினைவாற்றலும் செயல்படுவதாக விளக்கினார்கள். கிரேக்கரிடமிருந்து வந்து வளர்ந்த இக்கருத்தே பல நூற்றாண்டுகள் கிழக்கிலும் மேற்கிலும் பாடமாக இருந்தது. விலங்குகளின் மூளையிலும் இத்தகைய அறைகள் இருப்பதைச் சுட்டிக்காட்டி, 1543இல் வெசாலியஸ் அதை மறுத்தார். முந்தையோர் சொன்னதைச் சோதித்துப் பார்த்தே அறிவு வளர்கிறது. அதனால் அவர்களின் மதிப்புக் குறைவதில்லை.

அவ்வறைகளில் இருப்பது தெளிந்த நீர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லி லிட்டர் சுரந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து ஓடி, இரத்தத்தில் கலந்துவிடுகிறது. எந்நேரமும் தங்கியிருப்பது சுமார் 150 மில்லி லிட்டரே. வழி அடைபட்டால் நீர் தேங்கி அறைகள் விரியும். மண்டையோட்டு எலும்புகள் இன்னும் இணையாத பச்சிளங்குழந்தைக்குத் தலையே பெருக்கும்.

குர்துபாவின் அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்), ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே 'அத்தஸ்ரீஃப்' நூலில் இந்நோயைப் பற்றி எழுதினார்கள். தலை நாளுக்கு நாள் பெருத்து, உட்காரவும் இயலாமல் இறந்துபோன ஒரு குழந்தையைத் தாம் கண்டதாகப் பதிவு செய்துள்ளார்கள். அன்று அதற்கு மருந்தில்லை.

இன்று வழி உண்டு. 1950களில், அடைப்பிதழ் பொருத்திய மெல்லிய குழாய் வழியே தேங்கிய நீரை வெளியேற்றும் முறை உருவானது. இப்போது பெரும்பாலும் அந்நீரை வயிற்றுக்குள் இறக்கிவிடுகின்றனர். அதே காலத்தில்தான் நம் பகுதிக்கும் இத்துறை வந்தது. 1949இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினர். காத்திவாக்கத்தில் இரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால், அம்மருத்துவமனை எதிரிலேயே இருக்கிறது.

ஆகவே பெற்றோரே! குழந்தையின் தலை வேகமாகப் பெருத்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, கருவிழி கீழ்நோக்கியே நின்றாலோ, கண்ணேறு என்று நாள் கடத்தாதீர்கள். ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. ஆனால் நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்தவர்களும் நம் நபி (ஸல்) அவர்களே. தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அழுத்தம் மூளையை நசுக்குகிறது. துஆவுடன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அல்லாஹ் ஷிஃபா அருள்வானாக! ஆமீன்.